நோரீன் கேட்ட பெரிய வண்டி

மார்ச் 9
ஜோர்டான் பள்ளத்தாக்கு, ஆரிகன்

டாரலுக்கு,

நீ போன் செய்ததும் நான் எடுக்காததும் உனக்குத் தெரியும். உன் குரல் கேட்டால் கத்திவிடுவேன், கத்தினால் உன் மச்சான் வெர்னன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், உன் பெண்டாட்டியும் பக்கத்துப் பண்ணை உரிசா குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சொன்னாய்? "அக்காவுக்குப் புல்லு வளக்கறதவிட பெட்ரோல ஊத்தி எரிக்கறதுதான் புடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். உரிசா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பழைய பிக்கப் எப்படிச் செத்தது என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒண்டாரியோ டவுனில் வெர்னனுக்கு டயாலிசிஸ் முடித்துக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், ஏற்றத்தில், பனியில் எஞ்சின் நின்றது. ஹீட்டரும் போயிற்று. வெர்னனை என் கோட்டில் சுற்றி உட்காரவைத்துவிட்டு நான் ரோட்டில் நின்று கை காட்டினேன். பால் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அதற்குள் வெர்னனின் உதடு நீலமாகிவிட்டது.

இப்போது உரிசாவின் காரை இரவல் வாங்கி ஓட்டுகிறேன். எத்தனை நாள் கேட்க முடியும்?

ஒண்டாரியோவில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். பெரிய பிக்கப், எட்டு சிலிண்டர், சுமை ஏற்றும் பின்தட்டின் நடுவில் நம் நீள குதிரை டிரெய்லருக்குக் கொக்கி போட்டது. நான்கு குதிரையையும் ஒரே நடையில் ஏற்றலாம். பண்ணை நம் இருவர் பேரிலும் இருப்பதால் வண்டிக் கடனுக்கு உன் கையெழுத்தும் வேண்டும். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. வேறொன்றும் வேண்டாம்.

நோரீன்


மார்ச் 16
பாய்சி

அக்கா,

மேசையில் சொன்னது சொல்லியிருக்கக் கூடாதது. அதற்காகக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது. இரண்டும் வேறு வேறு.

கவுண்டி நிர்வாகத்தின் சாலைத்துறை வண்டிகளை மேய்ப்பதுதான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். எந்த வண்டி எவ்வளவு குடிக்கும் என்பதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். உன் ஓட்டத்தை யோசி. வாரம் மூன்று முறை ஒண்டாரியோ. போக நூற்று முப்பது மைல், வர நூற்று முப்பது. வண்டியில் நீயும் மச்சானும் ஒரு போர்வையும் ஒரு ஃபிளாஸ்க்கும். பின்தட்டு காலி. பின்னால் டிரெய்லர் இல்லை. அப்படிக் காலியாக ஓடும்போது பெரிய வண்டி கேலனுக்குப் பதினெட்டு மைல் கொடுக்கும். நடுத்தர பிக்கப் இருபத்து மூன்று கொடுக்கும். வாரத்துக்குப் பத்து கேலன் மிச்சம், அதுவும் இந்த வேலைக்கு மட்டும்.

டிரெய்லர் மாட்டுவது எப்போது? வசந்தத்தில் மாட்டை மலை மேய்ச்சலுக்கு ஏற்றும்போது, இலையுதிரில் இறக்கும்போது, நடுவில் ஒன்றிரண்டு தடவை. அந்தச் சில நாளுக்காக வருஷம் முழுக்க ஒரு வீட்டைக் கட்டி இழுப்பாயா?

நம்பவில்லை என்றால் நீயே ஓட்டிப் பார். உரிசாவிடம் பெரியது இருக்கிறது. அவர் மருமகன் நடுத்தரம் வைத்திருக்கிறான். ஒரே ரோடு, ஒரே சுமை. தொட்டியை நிரப்பிப் புறப்படு, திரும்பி வந்து மறுபடி நிரப்பு. எவ்வளவு ஊற்றினாய் என்று பார். வண்டியின் முன்பலகைத் திரையில் காட்டும் எண்ணை நம்பாதே. அது எப்போதும் கொஞ்சம் பெருமை பேசும்.

டாரல்


ஏப்ரல் 4
ஜோர்டான் பள்ளத்தாக்கு

டாரலுக்கு,

ஓட்டிப் பார்த்தேன். உன் பாஷையிலேயே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

காலியாக: நடுத்தரம் இருபத்து நாலு, பெரியது பத்தொன்பது. நீ சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். வெர்னன் நடுத்தரத்தில் என்னோடு வந்தார். வெகு நாளைக்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். உரிசாவும் நானும் பெரியதில் வரச் சொன்னபோது, "நீங்க ரெண்டு பேரும் போங்க, எனக்குத் தூக்கம் வருது" என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

பிறகு இரண்டு குதிரை நிற்கும் சின்ன டிரெய்லரை மாட்டினோம். ஜூனோவையும் பிஸ்கட்டையும் ஏற்றினோம். அதே ரோடு, அதே எதிர்காற்று. உன் நடுத்தரம் எவ்வளவு கொடுத்தது தெரியுமா? ஒன்பது! பெரியது பத்தரை. சுமையைக் கண்டதும் உன் சிக்கனக்காரன் பெரியவனைவிட அதிகமாகக் குடித்தான்.

ஏற்றத்தில் எஞ்சின் கதறிய கதறலில் உரிசா காதைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, வண்டிதான் குதிரைய இழுக்குதா, இல்ல குதிரைங்க வண்டியத் தள்ளுதுங்களா?" என்றார். இறக்கத்தில் நிஜமாகவே தள்ளின. பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் வாலை ஆட்டுகிறது. உள்ளே பிஸ்கட் உதைக்கிற சத்தம் முதுகெலும்பில் கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, நீ எழுதாமல் விட்டது. நடுத்தரத்தின் தொட்டி பெரியதில் ஏறக்குறையப் பாதிதான். சுமையோடு போனால் பெரியது முந்நூறு மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும். உன்னுடையது அதில் பாதியிலேயே வாயைப் பிளக்கும். இங்கே ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்று உனக்கு மறந்துபோச்சா?

காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன். பேனாவையும் வைத்திருப்பேன், உறை கிழிந்துவிடும்.

நோரீன்


ஏப்ரல் 12
பாய்சி

அக்கா,

நீ எழுதிய எண்கள் எல்லாம் சரி. ஒன்றையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் நடுத்தர பிக்கப்புக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

மைலேஜ்தான் காரணம். முதல் கடிதத்தில் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன், உன் ஓட்டத்தில் பெரும்பகுதி காலி ஓட்டம். டிரெய்லர் இழுக்க வேண்டிய நாளில் என்னைக் கூப்பிடு. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதற்கு மேல் இந்த விஷயத்தில் என்னிடம் எதுவும் கேட்காதே. தயவுசெய்து.

மச்சான் எப்படியிருக்கிறார்?

டாரல்


மே 2
ஜோர்டான் பள்ளத்தாக்கு

டாரலுக்கு,

உரிசாவின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அவர்களுக்குக் கார் வேண்டும். டயாலிசிஸ் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே உன் நடுத்தர வண்டிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ ஜெயித்தாய்.

நீள டிரெய்லரைக் களஞ்சியத்துக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். இந்த வண்டித் தட்டில் அதன் கொக்கியை மாட்டவே முடியாது. இரண்டு குதிரைகளை உரிசா விலைக்கு எடுத்துக்கொண்டார். அவை லாயத்தைவிட்டுப் போகும்போது நான் சமையலறையில் இருந்தேன்.

எண்களைக் கொண்டு வா என்றாய், கொண்டு வந்தேன். எண்கள் சரி, ஆனாலும் முடியாது என்கிறாய். அப்படியென்றால் அந்த எண்கள் எதற்கு? எனக்கு ஒன்றுதான் புலப்படுகிறது. நிலத்தை ஓட்டுவது நான், முடிவு எடுப்பது நீ என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டிவிட்டாய்.

டிரெய்லர் இழுக்க நீ வர வேண்டாம். எதற்கும் வர வேண்டாம்.

நோரீன்


ஜூலை 27
பாய்சி

அக்கா,

மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மழையில்லாத இடி விழுகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். உங்களுக்கு வடக்கே இரண்டு இடத்தில் புகை. இந்த வருஷம் சீமைப்புல் இடுப்பளவு வளர்ந்து காய்ந்து நிற்கிறது, காற்று திரும்பினால் குதிரையைவிட வேகமாக நெருப்பு ஓடும். தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. கிழக்கே ஒண்டாரியோ ரோடு அடைபட்டால் தெற்கே நெடுஞ்சாலை 95-ஐப் பிடித்து வின்னமக்காவுக்குப் போ. அங்கேயும் டயாலிசிஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

குதிரைகளை இப்போதே வெளியேற்ற வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லு. நான் வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டியதில்லை.

டாரல்


ஆகஸ்ட் 14
வின்னமக்கா, நெவாடா

டாரலுக்கு,

வெர்னன் உனக்குப் போன் செய்ததைப் பிறகுதான் சொன்னார். நீ குதிரைகளைத் தேடிப் புறப்பட்டுவிட்டாய் என்றும் சொன்னார். நான் மோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உரிசா வீட்டுக்குத்தான் போவாய் என்பதால் அங்கே அனுப்புகிறேன். நடந்ததை என் வாயாலேயே நீ கேட்டாக வேண்டும்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் போக முடியவில்லை, ரோட்டில் புகை. செவ்வாய் விடியும்போது வெர்னனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வீங்கியிருந்தது. வராந்தாவில் நின்று பார்த்தால் வடக்கு மேடு முழுக்க ஆரஞ்சு. ஷெரிஃபின் ஆள் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: "கிழக்கு ரோடு போச்சு! தெக்கால போங்க! இப்பவே!"

சின்ன டிரெய்லரை மாட்டி ஜூனோவையும் பிஸ்கட்டையும் ஏற்றினேன். நீ சொன்னபடி தொட்டி பாதி இருந்தது. மாநில எல்லையோரக் கடை ஐம்பது மைல், அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எதிர்காற்று. ஏற்றம். நான் மிதிக்க மிதிக்க வண்டி கதறியது, பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் பிஸ்கட் உதைத்துக்கொண்டே வந்தான்.

கடைக்காரர் ரோட்டிலேயே வந்து கையை விரித்தார். "கரண்டு இல்லம்மா. பம்ப் ஓடாது. கேன்ல இருந்ததெல்லாம் காலைலயே போயிடுச்சு."

முன்பலகைத் திரையில் இன்னும் முப்பது மைல் ஓடும் என்று காட்டியது. வின்னமக்கா எழுபதுக்கு மேல். ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங்கைக் குத்தினேன். உன்னை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மாட்டேன். "உன் தம்பியோட மைலேஜு! பாத்துக்கோ உன் தம்பியோட மைலேஜ!" என்று வெர்னனிடம் கத்தினேன், ஏதோ நீ அவர் தம்பி என்பது போல.

அவர் மூச்சுக்கு நடுவில் பேசினார்.

"டாரலத் திட்டாத. நான்தான் சொன்னேன்."

"எத?"

"சின்ன வண்டி வாங்கச் சொல்லி. பெருசுல என்னால ஏற முடியாது, நோரீன். பழைய வண்டிலயே முடியல. டயாலிசிஸ் முடிஞ்சு வெளிய வர்றப்ப கால் மேல தூக்க வராது. அங்க வண்டி நிறுத்துற எடத்துல ரெண்டு தடவ விழுந்துட்டேன். நர்ஸ் புள்ளைங்க வந்து தூக்கிவிட்டாங்க. நீ காபி வாங்கப் போயிருந்த."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் இருக்க. என்னையும் தூக்கணுமா?"

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அழ நேரமில்லை. கடைக்காரர் ஜன்னலைத் தட்டினார். "டிரெய்லரக் கழட்டிட்டுப் போனா ஊரு சேந்துடலாம்மா. காலியா போனா இந்த வண்டி நல்லா ஓடும்."

தெரியும். நான்தானே ஓட்டிப் பார்த்தேன். காலியாகப் போனால் இருபதுக்கு மேல் கொடுக்கும். அதே பெட்ரோல் இரண்டு மடங்கு தூரம் போகும்.

கடைக்குத் தெற்கே உப்புப் படுகை இருக்கிறதே, வறண்ட ஏரி, ஒரு புல் கிடையாது. நெருப்புக்குத் தின்ன அங்கே ஒன்றுமில்லை. அதன் விளிம்பில் டிரெய்லரைக் கழற்றினேன். இருவரையும் இறக்கி வாய்க்கயிற்றை அவிழ்த்தேன், எதிலும் சிக்கிவிடக் கூடாதே. கடைக்காரர் தந்த ஒரு வாளித் தண்ணீரை வைத்தேன். ஜூனோ குடித்தாள். பிஸ்கட் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் கழுத்தைத் தட்டி, "இங்கயே இருடா, எங்கயும் போகாத" என்றேன். குதிரையிடம் போய்.

வண்டி பறந்தது. ஊர் விளக்கு தெரியும்போது முள் அடியில் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் இருமியது. அன்றைக்கே அவரை மெஷினில் போட்டார்கள். இன்னும் சற்று தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இப்போது தூங்குகிறார்.

உன்மேல் எனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கே தெரியவில்லை. முதலில் குதிரைகளைக் கண்டுபிடி.

நோரீன்


ஆகஸ்ட் 19
உரிசா பண்ணை

அக்கா,

உன் கடிதம் உரிசா கையில் காத்திருந்தது. முதலில் கெட்ட செய்தி. வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

பிஸ்கட் செத்துவிட்டான். உப்புப் படுகையில் நிற்கவில்லை. வீட்டுப் பக்கம் ஓடியிருக்கிறான். நம் நிலத்துக்கு வெகு முன்னாலேயே, ஒரு முள்வேலி மூலையில் கிடந்தான். அதிகம் கருகவில்லை, புகைதான் கொன்றிருக்கும் என்றார் உரிசா. அங்கேயே குழி தோண்டினோம்.

ஜூனோ உயிரோடு இருக்கிறாள். டிரெய்லரின் நிழலில் நின்றிருந்தாள். வாளி காலி. என்னைப் பார்த்ததும் கனைக்கவில்லை, நேராக வந்து என் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். குளம்பில் கொஞ்சம் வெடிப்பு. ஆறிவிடும். உரிசாவின் லாயத்தில் இருக்கிறாள்.

வீடு நிற்கிறது. களஞ்சியமும் நீள டிரெய்லரும் இல்லை. வேலி முழுக்கப் போயிற்று.

இன்னொன்றை நீ கேட்க மாட்டாய், ஆனால் நான் சொல்லியாக வேண்டும். தேடப் போனது ஆபீஸ் நண்பரின் பெரிய பிக்கப்பில். ஜூனோவைச் சின்ன டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, நம் வீட்டு வாசலிலிருந்து எல்லைக் கடை வழியாக வின்னமக்கா ஊர் எல்லைவரை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் செலவானது. பாதித் தொட்டியோடு நீ அந்த வண்டியில் புறப்பட்டிருந்தால் இரண்டு குதிரையோடும் ஊர் சேர்ந்திருப்பாய். கடையில் நிற்கவே தேவை இருந்திருக்காது. திரும்பி வந்து நண்பரின் வண்டியிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் இருந்தேன். "அவகிட்ட மைலேஜுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா. என் கால் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றார். அழுதுகொண்டிருந்தார், அக்கா. அவர் அழுது நான் கேட்டதில்லை. என்னால் மறுக்க முடியவில்லை.

டாரல்


செப்டம்பர் 3
ஜோர்டான் பள்ளத்தாக்கு

டாரலுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாவற்றிலும் சாம்பல் வாடை. ரொட்டியில்கூட.

பிஸ்கட்டைப் போய்ப் பார்த்தேன். நீயும் உரிசாவும் மேலே கல் அடுக்கியிருக்கிறீர்கள். நன்றி.

பெரிய வண்டியை ஓட்டிப் பார்த்ததை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மைலேஜ் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், இல்லையா? எனக்கு அது வேண்டாம். அன்றைக்கு அந்த நடுத்தர வண்டி காலியாக ஓடிய ஓட்டத்தில்தான் வெர்னன் பிழைத்தார். சுமையோடு திணறிய திணறலில் பிஸ்கட் போனான். ஒரே வண்டி, ஒரே நாள். எதைச் சொல்லி உன்னைத் திட்டுவது, எதைச் சொல்லி மன்னிப்பது?

ஆனால் ஒன்றை நான் உங்கள் இருவருக்கும் சொல்லியாக வேண்டும். வெர்னனுக்கு நேற்றுச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு படி," என்றேன்.

"என்ன படி?"

"பெரிய வண்டிக் கதவுக்குக் கீழ ஒரு மடக்குப் படி. இரும்புக் குழாய் ரெண்டு, தகடு ஒன்னு. உரிசாகிட்ட வெல்டிங் மெஷின் இருக்கு. எனக்கு ஒரு காலை வேல, வெர்னன். கைப்பிடி வேணும்னா மத்தியானம் வரைக்கும் ஆகும். அவ்ளோதான்."

அவர் ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு, "அத நான் யோசிக்கவே இல்ல" என்றார்.

"நீ யோசிக்க வேண்டாம். எங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

நான் குனிந்து மற்ற பூட்ஸை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

நீயும் அதேதான், டாரல். நீ கவுண்டியின் இருநூறு வண்டியைப் பார்க்கிறாய். ஒரு படி உனக்கும் தோன்றவில்லை. அவர் அழுததும் உனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னைக் கேட்டிருந்தால் எனக்கு உடனே தோன்றியிருக்கும். என்னை மட்டும் கேட்கவில்லை.

இதற்காக உன்னோடு பேசாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் சீக்கிரம் மறக்கவும் மாட்டேன். இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

வியாழக்கிழமை வா. வெர்னனை நீ ஒண்டாரியோவுக்கு ஓட்டிக்கொண்டு போ, எனக்கு வேலிக்கம்பம் நட வேண்டும். அங்கே அவர் வெளியே வரும்போது காபி வாங்க எங்கேயும் போய்விடாதே. கதவுக்குப் பக்கத்தில் நில். கை கொடுக்காதே, அவருக்குப் பிடிக்காது. தோளை மட்டும் அருகில் வைத்துக்கொள். அவர் தானாகப் பிடித்துக்கொள்வார்.

நோரீன்